வேலைக்குச் செல்வோர் இல்லத்தில் ஒரு நாள் கோழிக்குஞ்சுகள்

கோழி வளர்ப்பு கிராமக் குடும்பங்களுக்குப் புதிய தொழிலன்று. ஒரு பெட்டைக் கோழியும் அதனைச் சூழ்ந்து திரியும் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளும் இல்லாத கொல்லைப்புறம் அரிது. ஆயினும், தாய்க்கோழியின்றிப் பொரிப்பகத்திலிருந்து அட்டைப் பெட்டியில் வந்திறங்கும் ஒரு நாள் குஞ்சுகளை வளர்ப்பது முற்றிலும் வேறான காரியம். தாய் செய்துவந்த வேலைகள் அனைத்தையும் அங்கே மனிதரே செய்தாக வேண்டும். கணவனும் மனைவியும் விடிந்தவுடன் வேலைக்குச் சென்று பொழுது சாய்ந்தபின் வீடு திரும்பும் குடும்பங்களில் இது கைகூடுமோ என்னும் ஐயம் அங்கத்தினர் பலருக்கு உண்டு. கைகூடும் என்பதையும், அதற்குரிய வழிகள் இன்னவை என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நஷ்டம் நேரும் விதம்

செங்கற் சூளையில் வேலை செய்யும் ஒரு தம்பதியரை உதாரணமாகக் கொள்வோம். சங்கத்தில் கடன் பெற்று அவர்கள் 50 குஞ்சுகள் வாங்குகிறார்கள். முதல் நாள் இரவு குஞ்சுகள் குளிரில் ஒடுங்குவதைக் கண்டு, பெட்டியின்மேல் 100 வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிடுகிறார்கள். குஞ்சுகள் அமைதியாய் உறங்குகின்றன. மறுநாட் காலை, குளிர் தாக்குமோ என்று அஞ்சி, பல்பை எரியவிட்டபடியே வேலைக்குப் போகிறார்கள். வீட்டிற்குத் தகரக் கூரை. மாலையில் திரும்பி வந்து பார்க்கையில், 17 குஞ்சுகள் பெட்டியின் ஒரு மூலையில், அலகைத் திறந்தபடி மாண்டு கிடக்கின்றன. தண்ணீர்த் தட்டோ கவிழ்ந்து காய்ந்திருக்கிறது. கழிச்சல் நோய் கண்டுவிட்டது என்று அவர்கள் எண்ணுகிறார்கள். உண்மையில் அங்கே நோய் எதுவும் இல்லை. குஞ்சுகள் மாண்டது வெப்பத்தாலும் தாகத்தாலுமே.

ஐம்பதில் பதினேழு போனால் எஞ்சுவது முப்பத்து மூன்று. ஐம்பதின் விலையும் இந்த முப்பத்து மூன்றின் தலையில் விழுகிறபடியால், ஒவ்வொரு குஞ்சின் அடக்க விலையும் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடுகிறது. குஞ்சு இறந்ததற்காகக் கடன் குறைவதில்லை, வட்டியும் நிற்பதில்லை. இத்தம்பதியர் சோம்பலினாலோ அசட்டையினாலோ தவறவில்லை என்பது கவனிக்கத் தக்கது. நன்மை கருதிச் செய்த காரியமே தீமையாய் முடிந்தது. அதற்குக் காரணம், குஞ்சுக்கு எந்த வேளையில் எது ஆபத்து என்பதை அறியாமையே.

தாயின் சிறகு கற்பிக்கும் பாடம்

வளர்ந்த கோழியின் உடல் உஷ்ணம் ஏறக்குறைய 106 டிகிரி பாரன்ஹீட். அதன் இறகுகள் அவ்வுஷ்ணத்தைக் காக்கின்றன. அன்று பொரித்த குஞ்சுக்கோ மெல்லிய தூவியே உண்டு. தன் உடல் உஷ்ணத்தைத் தானே நிலைநிறுத்திக் கொள்ளும் சக்தி அதற்கு இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகவே வருகிறது. ஆகையால் முதல் வாரத்தில் குஞ்சு இருக்கும் இடத்தில் 95 டிகிரி உஷ்ணம் தேவை. பின்னர் வாரத்திற்கு 5 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம்.

ஆனால் தாய்க்கோழி தன் குஞ்சுகளை நாள் முழுவதும் சிறகுக்குள் அடைத்து வைப்பதில்லை. குளிர்ந்தால் குஞ்சு சிறகுக்குள் நுழைகிறது. போதுமானபோது தானே வெளியே வந்து மேய்கிறது. உஷ்ணம் இவ்வளவு வேண்டும் என்று அளப்பது தாயன்று, குஞ்சே. இதுவே இத்தொழிலின் சூட்சுமம். குஞ்சுகளின் இருப்பிடத்தில் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் சூடின்றியும் இருந்து, இரண்டிற்கும் இடையே குஞ்சு தடையின்றிப் போய்வர இடமும் இருக்குமாயின், வீட்டில் ஆள் இல்லாத நேரத்திலும் அது தன்னைக் காத்துக்கொள்ளும். மேற்சொன்ன தம்பதியரின் பெட்டியில் இல்லாதது இந்தச் சூடற்ற பக்கமே.

எந்த வேளையில் எந்த ஆபத்து

குளிர் நாடுகளில் எழுதப்பட்ட நூல்கள் யாவும் குளிரைப் பற்றியே பெரிதும் எச்சரிக்கின்றன. தமிழ்நாட்டுச் சமவெளிகளில் ஆண்டின் பெரும்பகுதியில் பகல் உஷ்ணம் 90 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கிறது. ஆகையால் பகலில் குஞ்சுக்கு ஆபத்தாவன மிகுந்த வெப்பமும் தாகமுமே. குளிரின் ஆபத்து நள்ளிரவுக்குப் பின் தொடங்கி விடியற்காலையில் மிகுகிறது. அதாவது, வீட்டார் வேலைக்குச் சென்றிருக்கும் நேரத்தில் குஞ்சுக்கு வேண்டுவது நிழலும் நீரும் காற்றும். நெருப்பின் காவல் வேண்டிய நேரத்திலோ வீட்டார் வீட்டிலேயே இருக்கின்றனர். வேலைக்குச் செல்வோர்க்கு இது பெரியதோர் அனுகூலம். உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளிலும், அடைமழை நாட்களிலும் பகலிலும் சூடு தேவைப்படும். அவ்வாறான இடங்களில் பகலில் வீட்டில் எவரும் இல்லாதோர் ஒரு நாள் குஞ்சுகளை வாங்காமல், நான்கு வாரம் வளர்ந்த குஞ்சுகளை வாங்குவதே உசிதம்.

குஞ்சு வருமுன் செய்ய வேண்டியவை

முதலாவது, இருப்பிடம். மூலைகளுள்ள பெட்டி உதவாது. குளிரினாலோ அச்சத்தினாலோ குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாய் நெருக்கி மூச்சுத் திணறி இறக்கும். ஒன்றரை அடி உயரமும் 13 அடி நீளமும் உள்ள பாய், தகடு அல்லது கெட்டி அட்டையை வளைத்து நிறுத்தினால் 4 அடி குறுக்களவுள்ள வட்டம் கிடைக்கும். 50 குஞ்சுகளுக்கு முதற்சில நாட்களுக்கு இது போதும். நான்காம் நாள் முதல் வட்டத்தைச் சிறிது சிறிதாக அகட்டி, நான்காம் வாரத்திற்குள் குஞ்சு ஒன்றிற்கு அரைச் சதுர அடி இடம் கிடைக்கும்படி செய்ய வேண்டும்.

தரையில் இரண்டு அங்குல உயரம் உலர்ந்த நெல் உமி பரப்பி, அதன்மேல் முதல் மூன்று நாட்களுக்குச் சாதாரணச் செய்தித்தாள் விரித்தல் வேண்டும். தாள் இல்லாவிடில் குஞ்சு உமியையே தீனி என்று கொத்தும். வழவழப்பான தாள் கூடாது. கால் வழுக்கிக் குஞ்சு முடமாகும்.

இரண்டாவது, சூடு. குஞ்சு ஒன்றிற்கு 2 வாட் என்பது பொதுவான கணக்கு. ஆகவே 50 குஞ்சுகளுக்கு 100 வாட் பல்பு ஒன்றைவிட 60 வாட் பல்புகள் இரண்டே மேல். ஒன்று கெட்டாலும் மற்றொன்று எரியும். இவை இழை பல்புகளாய் இருத்தல் அவசியம். இக்காலத்தில் வீடுகளில் எரியும் எல்.இ.டி. பல்பு நல்ல ஒளி தருமேயன்றிக் குஞ்சைக் காக்கும் சூட்டைத் தராது. பல்புகளை வட்டத்தின் நடுவில் தொங்கவிடாமல் ஒரு பக்கமாக, தரைக்கு ஒன்று அல்லது ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிட வேண்டும். மின்கம்பியை மட்டும் நம்பாமல் தனியாக ஒரு கம்பியாலும் பிணைத்தல் நலம். பல்பு அறுந்து உமியில் விழுந்தால் குஞ்சுகளோடு வீடும் எரியும்.

மின்சாரம் நின்றுவிட்டால் என் செய்வது? பலர் கரிச்சட்டியை நாடுவர். மூடிய அறையில் கரிப்புகை குஞ்சுகளுக்கும் அங்கு உறங்கும் மனிதருக்கும் உயிர்க்கேடு. ஆள் இல்லாத வீட்டில் நெருப்பை விட்டுச் செல்லுதல் எக்காலத்தும் கூடாது. கொதிநீர் நிரப்பி வாயை இறுக மூடிய மண்பானையைச் சாக்கினால் சுற்றி வட்டத்தின் ஒரு பக்கம் வைத்தால், சில மணி நேரம் அது தாயைப் போலச் சூடு தரும். புகையும் இல்லை, தீயின் அச்சமும் இல்லை.

மூன்றாவது, காவல். எலி, பெருச்சாளி, கீரி, பூனை, பாம்பு, காகம் ஆகிய யாவும் ஆளில்லாத வீட்டை அறியும். சன்னல்களுக்கும் வட்டத்தின் மேற்புறத்திற்கும் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை இடுதல் வேண்டும். காற்றோட்டத்தைத் தடுக்கும் மூடி கூடாது. எறும்புப் புற்று அருகில் இருப்பின் முன்னரே அகற்றிவிட வேண்டும்.

குஞ்சு வரும் நாள்

முட்டை பொரிவதற்குச் சற்று முன்னர், எஞ்சிய மஞ்சட்கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. இந்தக் கட்டுச்சோறு அதற்கு இரண்டு மூன்று நாட்களுக்குக் காணும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1918 முதல் குஞ்சுகளைத் தபாலில் அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது இதனாலேயே. ஆயினும் வெயிற்காலத்தில் பயணம் செய்த குஞ்சு நாவறண்டு வருமாதலால், அந்தக் கட்டுச்சோற்றை நம்பிக் காலந்தாழ்த்துதல் தகாது.

வேலைக்குச் செல்வோர் கடைப்பிடிக்க வேண்டிய முதல் விதி யாதெனில், விடுமுறைக்கு முந்திய மாலையிலோ விடுமுறை நாளின் அதிகாலையிலோ குஞ்சு வந்து சேரும்படி பொரிப்பகத்தாரோடு ஏற்பாடு செய்துகொள்வதாம். முதல் 24 மணி நேரத்தில் அருகிருந்து காப்பது பின்வரும் பல நாட்களின் உழைப்பை மிச்சப்படுத்தும். சித்திரை, வைகாசி மாதங்களின் கடுவெயிலையும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையையும் தவிர்த்தல் நலம். தை, மாசி மாதங்கள் ஏற்றவை.

குஞ்சு வருவதற்குச் சில மணி நேரம் முன்பே பல்பை ஏற்றித் தரையைச் சூடாக்கி வைக்க வேண்டும். குஞ்சு வந்தவுடன் முதலில் நீர், பிறகே தீனி. காய்ச்சி ஆறிய நீரில் சிறிது சர்க்கரை அல்லது கருப்பட்டி கலந்து, ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒரு முறை நீரில் தொட்டுவிட வேண்டும். ஒன்று குடிக்கக் கற்றால் மற்றவை அதைப் பார்த்துக் கற்கும். இரண்டு மணி நேரம் கழித்து மக்காச்சோளக் குருணையைத் தாளின்மேல் தூவலாம். மூன்றாம் நாள் முதல் குஞ்சுத் தீவனம் தட்டில் வைக்கலாம்.

இரவு படுக்குமுன் சில குஞ்சுகளைக் கையிலெடுத்துக் கழுத்தின் அடியிலுள்ள தீனிப்பையைத் தடவிப் பார்க்க வேண்டும். பை நிறைந்து மெத்தென்றிருந்தால் குஞ்சு தின்று குடித்திருக்கிறது. கெட்டியாய் இருந்தால் தின்றது, ஆனால் நீர் போதவில்லை. காலியாய் இருந்தால் அக்குஞ்சு தீனியைக் கண்டுகொள்ளவில்லை. அதனைத் தனியே எடுத்து ஊட்ட வேண்டும்.

பகலில் ஆளின்றி நீரும் தீனியும்

திறந்த தட்டில் நீர் வைத்துச் சென்றால் குஞ்சுகள் அதில் விழுந்து நனையும்; அல்லது அதைக் கவிழ்க்கும். இதற்கு எளிய பரிகாரம் உண்டு. ஒரு பழைய டப்பாவின் வாயோரத்தில், விளிம்பிலிருந்து அரை அங்குலத்தில் ஒரு துளை இடுக. நீர் நிரப்பி, ஒரு அங்குல விளிம்புள்ள தட்டால் மூடி, இரண்டையும் சேர்த்துத் தலைகீழாகக் கவிழ்க்குக. தட்டில் நீர் துளையின் மட்டத்திற்கு ஏறி நிற்கும். குஞ்சுகள் குடிக்கக் குடிக்கத் தானே ஊறும். துளை தட்டின் விளிம்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும் என்பதை மறக்கலாகாது. இத்தகைய டப்பாக்கள் இரண்டைச் சூடற்ற பக்கத்தில் வைத்தால், ஒன்று பழுதானாலும் மற்றொன்று பொழுதைக் கழிக்கும். தட்டில் சில கூழாங்கற்களை இட்டால் சிறு குஞ்சுகள் நீரில் அமிழா.

தீனியை உலர்ந்ததாகவே வைத்துச் செல்ல வேண்டும். நீர் கலந்த தவிடும் சோறும் நண்பகலுக்குள் புளித்துக் கழிச்சலை உண்டாக்கும். தீனித் தட்டை மூன்றில் ஒரு பங்கே நிரப்பினால் சிந்திச் சேதமாகாது.

தீவனச் செலவைக் குறைக்கக் கரையான் நல்ல துணை. பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு ஆகியவற்றை இட்டு, நீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாட் காலை வேலைக்குப் புறப்படுமுன் பானையில் கரையான் சேர்ந்திருக்கும். ஒரு வாரம் கழிந்த குஞ்சுகளுக்கு அதனைத் தட்டி விடலாம். பூச்சிமருந்து தெளித்த நிலத்தின் கரையான் மட்டும் கூடாது.

ஒரு நாளின் கால அட்டவணை

காலை 5 மணி: டப்பாக்களைக் கழுவிப் புதுநீர் நிரப்புதல், தாள் மாற்றுதல், தீனியிடுதல். ஒவ்வொரு குஞ்சையும் ஒரு முறை நோக்குதல். பின்புறத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் வெந்நீரில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்தெடுத்தல், பிய்த்தல் கூடாது.

வேலைக்குப் புறப்படும்போது: வெயில் ஏறும் நாளாயின் சூட்டு பல்பை அணைத்தல். முதல் வாரத்தில் இருண்ட அறையாயின் தீனி தெரிவதற்கு மாத்திரம் எல்.இ.டி. பல்பு போடலாம். சன்னலைத் திறந்து, வட்டத்தின்மேல் நேர் வெயில் விழாதபடி பார்த்தல். தகரக் கூரையாயின் கூரைமேல் தென்னங்கீற்று பரப்புதல்.

நண்பகல்: அண்டை வீட்டார் ஒருவரோ, பள்ளி விடுமுறையில் வீட்டிலிருக்கும் பிள்ளையோ ஐந்து நிமிடம் வந்து நீர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தல்.

மாலை 6 மணி: நீர், தீனி; ஈரமான உமியை அள்ளி எறிந்து உலர்ந்ததை இடுதல்; பல்பை ஏற்றுதல்.

இரவு 9 மணியும் பின்னிரவு 2 மணியும்: குஞ்சுகள் கிடக்கும் விதத்தைப் பார்த்தல். முதல் வாரத்தில் பின்னிரவுப் பார்வை இன்றியமையாதது.

இவை யாவற்றிற்கும் செல்வது நாளொன்றிற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரமே. உஷ்ணமானி இல்லாதவர் வருந்த வேண்டியதில்லை. குஞ்சுகள் பல்பின் கீழ் நெருக்கிக் கத்தினால் குளிர், பல்பைத் தாழ்த்துக. விளிம்பிற்கு ஓடி, சிறகைத் தொங்கவிட்டு, அலகைத் திறந்து இளைத்தால் வெப்பம், பல்பை உயர்த்துக. யாவும் ஒரே ஓரத்தில் ஒதுங்கினால் எங்கிருந்தோ ஊதற்காற்று புகுகிறது, அவ்வழியை அடைக்குக. வட்டமெங்கும் பரவிப் படுத்திருந்தால் யாவும் நலம்.

அடைக்கோழியின் உதவி

வீட்டில் அடைகிடக்கும் நாட்டுக்கோழி இருக்குமாயின் பாதி வேலை குறையும். பொரிப்பகக் குஞ்சுகளில் பத்துப் பன்னிரண்டை இருட்டிய பின்னர் அதன் சிறகின் கீழ் ஒவ்வொன்றாய்ச் சேர்த்துவிட்டால், விடிவதற்குள் பெரும்பாலும் அது அவற்றைத் தன் குஞ்சுகளாய் ஏற்றுக்கொள்ளும். கோழியின் உடலில் பேன், செள் இல்லையென்று முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். மறுநாட் காலை அது குஞ்சுகளைக் கொத்தாமல் கூட்டிக்கொள்கிறதா என்று கண்ட பின்னரே வேலைக்குச் செல்ல வேண்டும். முதற்சில நாட்களுக்குத் தாயையும் குஞ்சுகளையும் பெரிய பஞ்சாரத்தில் அடைத்து வைத்தல் நலம். காகமும் பருந்தும் அணுகா.

தடுப்பு மருந்து

வெள்ளைக் கழிச்சல் என்று வழங்கும் ராணிகேத் நோய், இந்தியாவில் 1927-ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலிலுள்ள ராணிகேத் என்னும் ஊரில் காணப்பட்டதால் அப்பெயர் பெற்றது. நோய் கண்டபின் இதற்கு மருந்தில்லை; முன்னரே காப்பது ஒன்றே வழி. ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து, நான்காம் வாரத்தில் மறுமுறை, எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி என்பது பொதுவான முறை. கால்நடை மருத்துவரின் யோசனைப்படி இதனைச் செய்துகொள்ள வேண்டும். அதிகாலையிலோ மாலையிலோ போடத்தக்கதாதலால் வேலைக்கு இடையூறில்லை.

மூன்றாம் வாரத்திற்குப் பின் தோன்றும் ரத்தக் கழிச்சல் ஈரமான உமியிலிருந்து பெருகுவது. உமியை நாள்தோறும் கிளறி உலர்வாய் வைத்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம். புதுக்குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு கலக்கவிடலாகாது. குஞ்சுகளைத் தொட்ட பின்னர்ச் சிறுவர் பெரியோர் யாவரும் சோப்பிட்டுக் கை கழுவுதல் வேண்டும்.

நால்வர் சேர்ந்தால்

பொரிப்பகத்திலிருந்து வரும் பெட்டி பெரும்பாலும் 100 குஞ்சுகள் கொள்வது; உள்ளே அறைக்கு 25 வீதம் நான்கு அறைகள். ஒரு பெட்டியை நான்கு குடும்பத்தார் சேர்ந்து வாங்கலாம் என்று அப்பெட்டியே சொல்லுவது போலிருக்கிறது. 25 குஞ்சுகளுக்கு மூன்றடி வட்டமும் 30 வாட் அளவுள்ள பல்புகள் இரண்டும் போதும். முதன்முறை வளர்ப்போர்க்கு ஏற்ற தொகையும் இதுவே. நால்வரில் எவரேனும் ஒருவர் பகலில் வீட்டிலிருந்தால், நண்பகலில் நான்கு வீட்டு நீர் டப்பாக்களையும் பார்த்து வரலாம். அவருக்கு மற்ற மூவரும் பின்னர் முட்டையாகவோ உழைப்பாகவோ ஈடு செய்யலாம். எவரும் வீட்டில் இல்லையெனில், முதல் வாரத்தில் ஆளுக்கு ஒரு நாள் முறைவைத்து விடுப்பு எடுக்கலாம்.

தடுப்பு மருந்தில் இந்தக் கூட்டுறவு இன்னும் பயன்படும். ஒரு குப்பி மருந்து நூறு குஞ்சுகளுக்கோ அதற்கு மேலோ போதுவது. கரைத்துவிட்டால் குளிர்ச்சியில் வைத்து ஓரிரு மணி நேரத்திற்குள் செலவிட வேண்டும். மீந்ததை மறுநாளைக்கு வைக்க இயலாது. 25 குஞ்சு உள்ளவர் தனியே வாங்கினால் முக்காற் குப்பி வீணாகும். அதனாலேயே பலர் மருந்தே போடாமல் விட்டு நோய்க்கு இரையாக்குகின்றனர். ஒரே நாளில் வந்த குஞ்சுகளாயின் நான்கு வீட்டிற்கும் ஒரே குப்பி, ஒரே மாலை.

ஒரு நாள் குஞ்சு நாள் முழுவதும் மனிதரின் கையைக் கேட்பதில்லை. குளிர்ந்தால் ஒதுங்க ஒரு சூடான இடம், வெதும்பினால் விலக ஒரு குளிர்ந்த இடம், வற்றாத நீர், விடியுமுன் ஒரு பார்வை ஆகிய இவற்றையே கேட்கிறது. புறப்படுமுன் இவற்றைச் செம்மையாய் அமைத்துவிட்டுச் செல்பவர், மாலையில் கதவைத் திறக்கும்போது அச்சமின்றித் திறக்கலாம். சங்கத்தில் குஞ்சுக்கடன் கோரும் அங்கத்தினர்கள், குஞ்சுக்குச் சொல்லியனுப்புமுன் வட்டத்தையும் பல்பையும் நீர் டப்பாவையும் தயார் செய்து, பக்கத்து வீட்டாரோடும் பேசி வைத்துக்கொள்வார்களாக.